பி சைடில் கேசட்டுக்காரர்

ஏ சைடில் பாட்டு இருந்தது. பி சைடில் பாட்டும் இருந்தது, கேசட்டுக்காரரும் இருந்தார்.

முதல் பாட்டில் டீ உறிஞ்சினார். பிறகு நாற்காலியைத் திட்டினார். இரண்டாவது பாட்டில் கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்கிற அருமையான இடமாகப் பார்த்து ஒரு தும்மல் போட்டார். போட்டுவிட்டுத் தனக்குத் தானே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். மகளும் அவளுடைய இரண்டு நண்பர்களும் உயிரைக் கொடுத்து உண்டாக்கிய ‘ஈரக்குடை’ என்கிற பாட்டுத் தொகுப்பு, பெற்ற தகப்பனின் கைங்கரியத்தால் இந்த லட்சணத்தில் கேசட்டாகி, சனிக்கிழமை சாயங்காலம் புத்தகக்கடை மாடியில் நடந்த வெளியீட்டில் ஒன்று விடாமல் விற்றும் போயிற்று.

விற்றுப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது என்பதுதான் இதில் அழகு.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரம்காரன் போன் பண்ணினான். மகளின் குழுவில் டிரம் அடிக்கிறவன். வார நாட்களில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மரியாதையான பையன்.

“அங்கிள், டீ நல்லா இருந்துச்சா?”

“இன்னும் குடிக்கலையேப்பா.”

“இன்னிக்கி டீ இல்ல அங்கிள். பி சைடு டீ.”

கேசட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வயிற்றுக்குள் ஏதோ ஒரு லிஃப்ட் கயிறு அறுந்த மாதிரி இருந்தது. லிஃப்டைப் பற்றி அவருக்குத் தெரியும். அவருடைய உத்தியோகமே லிஃப்ட் பழுது பார்ப்பதுதான்.

கேசட்டுக்காரர் என்பது பழைய பட்டம். ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் கேசட் பதிந்து கொடுத்தவர். அப்புறம் சி.டி. வந்தது, அப்புறம் அதுவும் போய் எல்லாப் பாட்டும் போனுக்குள் குடியேறியது. கார் வாங்கும் உத்தேசத்தில் கட்டிய அறையில், வராத காருக்குப் பதிலாகத் தன் பதிவு டெக்குகளை வரிசையாக அடுக்கி, மேலே போர்வை போர்த்தி, விளக்கை அணைத்துவிட்டு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தார். வேலை மாறினாலும் தெருவில் பட்டம் மாறவில்லை. லிஃப்ட்டுக்காரர் என்று கூப்பிட்டால் ஏறவா இறங்கவா என்று கேட்கவேண்டியிருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் உலகம் ஒரு குட்டிக்கரணம் அடித்தது. போனைத் தட்டினால் எந்தப் பாட்டும் கிடைக்கிற பிள்ளைகள், திடீரென்று கேசட் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கையில் பிடிக்க ஒரு பொருள் வேண்டுமாம். அட்டையைப் பிரித்துப் படிக்கவேண்டுமாம். பிடிக்காத பாட்டைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்து கேட்கவேண்டுமாம். போன் கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இந்தச் சேதியைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டான்.

“அத்தான், இதெல்லாம் ரெண்டு மாசக் கூத்து. அடுத்து கல்லுல செதுக்கிக் கேக்கப் போறாங்க, பாருங்க.”

“கல்லுன்னா சார்ஜ் போட வேண்டாமே மச்சான்” என்றார் கேசட்டுக்காரர்.

இந்த வீட்டில் பேச்சு எப்போதும் இப்படித்தான். யாரும் எதற்கும் நேராகப் பதில் சொல்கிற வழக்கமில்லை. சாப்பிட வந்திருந்த மகள்கூட, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“நம்ம டெக்கெல்லாம் இன்னும் ஓடுமாப்பா?”

“ஓடும். எந்தப் பக்கம் ஓடும்னுதான் சொல்ல முடியாது.”

“எங்க பாட்டைக் கேசட்டாப் போடலாம்னு இருக்கோம்.”

“அக்கம்பக்கத்துல இருந்து இதுவரைக்கும் புகார் வரல. தைரியமாப் போடு.”

அவள் பாட்டைப் பற்றி அவர் அவளிடம் சொன்ன அதிகபட்சப் பாராட்டு அதுதான். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போனாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் கேசட்டுக்காரர் லிஃப்ட் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, போர்வையை உருவினார்.

பெல்ட்டுகள் உருகிப் பிசினாகியிருந்தன. எல்லாவற்றையும் மாற்றினார். நாடாவை உரசிப் பாட்டைப் பதிகிற ஹெட்டுகளைப் பஞ்சால் துடைத்தார். ஒவ்வொரு டெக்கிலும் ஒரே பாட்டைப் போட்டு, ஹெட்டின் சாய்வை நிறுத்தும் சின்னத் திருகாணியை மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். அது ஒரு மயிரிழை பிசகினாலும் பாட்டு பக்கத்து அறையில் பாடுகிற மாதிரி மங்கிவிடும். லிஃப்ட் கம்பெனியில் இத்தனை கவனத்தை அவர் காட்டியிருந்தால் இந்நேரம் மேலாளராகியிருப்பார் என்று மனைவி சொன்னாள். மனைவி கணக்கு டீச்சர். வீட்டிலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், ஏனென்றால் வீட்டிலும் அவள் டீச்சர்தான்.

பதிவதற்கு முன் கேசட்டுக்காரர் செய்கிற ஒரு காரியம் டீச்சரின் பொறுமையைச் சோதித்தது. கேசட்டின் ஆரம்பத்தில் ஒரு துண்டு, கண்ணாடி மாதிரி வெறும் பிளாஸ்டிக். அதில் ஒன்றும் பதியாது. பெரிய கம்பெனிகள் இதற்கென்று ஒரு கணக்கு வைத்து விட்டுவிடும். இவர் ஒவ்வொரு கேசட்டையும் கையில் எடுத்து, பல்சக்கரத்தில் பென்சிலை நுழைத்து, அந்தக் கண்ணாடித் துண்டு தாண்டிப் பழுப்பு நாடா கண்ணில் படும்வரை சுற்றிவிட்டுத்தான் டெக்கில் போடுவார்.

“கைக்குழந்தைக்குத் தலை வாரி விடுற மாதிரி ஒவ்வொண்ணா சுத்துறீங்களே, இதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது?”

“குழந்தைக்குத் தெரியும் டீச்சர்.”

காரணம் இருந்தது. மகளின் முதல் பாட்டு சொல்லில் தொடங்கவில்லை, மூச்சில் தொடங்கியது. சின்ன வயசில் நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்று, குதிப்பதற்கு முன் ஒரு மூச்சு எடுப்பாளே, அதே மூச்சு. அதற்கப்புறம்தான் பாட்டு. அதில் பாதியை வெறும் பிளாஸ்டிக்குக்குத் தின்னக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பென்சிலோடு சரி.

ஏ சைடு எல்லாம் கச்சிதமாக முடிந்தது. பி சைடு தொடங்குமுன்தான் சனி மைக் வடிவத்தில் வந்தது.

கம்பெனியில் ஒரு புது லிஃப்டுக்குக் குரல் கேட்டிருந்தார்கள். “கதவு மூடுகிறது, விலகி நில்லுங்கள்” என்று கனிவாகச் சொல்லவேண்டும். கேசட்டுக்காரர் தன் பெயரைத் தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, மைக்கை மிக்ஸரில் செருகி ஒத்திகை பார்த்தார். எல்லா டெக்குகளுக்கும் பாட்டைப் பங்கிட்டு அனுப்புகிற அதே மிக்ஸர். ஒத்திகை முடிந்தது; கனிவு வரவில்லை, கண்டிப்புதான் வந்தது. சலித்துப்போய் விட்டுவிட்டு பி சைடைப் பதியத் தொடங்கினார். மைக்கின் குமிழைக் கீழே இறக்க மறந்தார்.

அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் மூலப் பதிவு ஓடுகிற டெக்கில் செருகியிருந்தது. அதில் பாட்டு மட்டும்தான் கேட்கும். ஸ்பீக்கரைப் போட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அடுத்த அறையில் டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கேட்டால் பாட்டுக்கும் மதிப்பெண் போட்டுவிடுவாள் என்று பயந்து அணைத்து வைத்திருந்தார். பதிந்த பிறகு சோதிக்காமலும் இல்லை. ஒவ்வொன்றிலும் பி சைடின் ஆரம்பத்தைக் கேட்டார். ஆரம்பத்தில் அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். டீ அதற்கப்புறம்தான் வந்தது.

இப்படியாக, டிரம்காரன் போனை வைத்ததும் கேசட்டுக்காரர் சமையலறைக்கு ஓடினார். அங்கே டீச்சர் துணி தேய்த்துக்கொண்டே ‘ஈரக்குடை’ கேட்டுக்கொண்டிருந்தாள். ஏ சைடு முடியும் நேரம். அவர் வெடுக்கென்று கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டார்.

டீ. நாற்காலி. தும்மல். மன்னிப்பு.

டீச்சர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “தும்மல் நல்லாப் பதிஞ்சிருக்கு” என்றாள். “ஹெட் சாய்வு சரியாத்தான் இருக்கு.”

மூன்றாவது பாட்டு தொடங்கியது. பேருந்தில் தூங்கிப்போகிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு. அதில் “இறங்காதே” என்று ஒரு சொல் வரும். அந்தக் கடைசி எழுத்தை மகள் விடாமல் பிடித்து நிற்பாள், டிரம் நின்று, கிட்டார் நின்று, அவள் மட்டும் நிற்பாள். கேசட்டுக்காரருக்கு இப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டு ஓடும்போது மச்சான் உள்ளே வந்தான். ஹெட்போனின் ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டு அவனோடு பேசினார். ஹெட்போன் போட்டவன் பேச்சு எப்படி இருக்கும்? ஊருக்கே கேட்கும்.

கை அணைக்கப் போனது. டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேசட்டில் கதவு திறந்தது. மச்சான் குரல் வந்தது.

“என்ன அத்தான், கடை திறந்தாச்சா?”

“திறந்தாச்சு, திறந்தாச்சு. உக்காரு.”

“நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஊர்ல எத்தனையோ கம்பெனி இருக்க, புள்ள உங்ககிட்ட ஏன் கொடுத்தா தெரியுமா? பாவம், அப்பாவோட டெக்கெல்லாம் சும்மாக் கிடக்குதேன்னுதான்.”

நாற்காலி கிரீச்சிட்டது.

“அப்படியும் இருக்கலாம் மச்சான். எனக்குத் தெரியல.”

“கேளுங்களேன்.”

“கேக்க பயமா இருக்கு. சரி சரி, பேசாத இப்ப. இந்த இடம் வருது.”

மகள் “இறங்காதே” என்றாள். டிரம் நின்றது, கிட்டார் நின்றது. அவள் நின்றாள். அந்த நீண்ட ஒற்றைக் குரலின் அடியில், மிகத் தணிந்து, ஆனால் தெள்ளத் தெளிவாக, கேசட்டுக்காரரின் குரல்.

“அம்மாடி. எப்படிப் பிடிச்சு நிக்கிறா பாரு. இது என் பொண்ணுடா.”

டீச்சர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பார்வை ஜன்னல் பக்கம் போனது.

“அவகிட்ட இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?”

“இப்பச் சொல்லியாச்சே. கேசட் வாங்கினவங்க எல்லாருக்கும் சேத்து.”

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்; கடைக்குப் பக்கத்திலேயே, குழுவில் கீபோர்டு வாசிக்கிற தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளுக்குப் போன் போட அவருக்குத் துணிவில்லை. ‘பி சைடு கேட்டியா?’ என்று குறுஞ்செய்தி அனுப்பினார். ‘கேட்டேன். பார்க்கலாம்ப்பா’ என்று பதில் வந்தது. பார்க்கலாம் என்றால் எதை, யாரை, எப்போது? கணக்கு டீச்சரிடம் கொடுத்து விடை கேட்டார்.

“அவகிட்டயே கேளுங்க” என்றாள் டீச்சர். “எனக்கு இன்னும் ஒரு கட்டுத் தாள் இருக்கு.”

அவருடைய கலவரத்துக்குக் காரணம் தும்மல் இல்லை. வெளியீட்டிலேயே புத்தகக்கடை அம்மா இன்னும் கேசட் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அடுத்த பதிவை யார் செய்வது என்பது அப்போதே பேச்சாகிவிட்டது. புதுசாக இயந்திரம் இறக்கிய ஒரு கம்பெனி, தன் வேலைத் தரத்தைக் காட்ட ‘ஈரக்குடை’யையே பதிந்து மாதிரிக் கேசட் ஒன்றை மகளுக்கு அனுப்பியிருந்தது. மச்சான் சொன்ன மாதிரி முதல் தடவை பரிதாபத்தில் கிடைத்ததென்றால், இப்படி ஒரு காரியம் பண்ணியவருக்கு இரண்டாவது தடவை எதற்குக் கிடைக்கும்? டெக்குகளுக்கு மறுபடி போர்வை போர்த்த வேண்டியிருக்குமோ என்று நினைத்தார். போர்வையைத் துவைத்து டீச்சர் மடித்து வேறு வைத்திருந்தாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, காலுறைக்குள் திணித்து, செருப்பு அலமாரியில் பூட்டினார். கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக உட்கார்ந்து, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத புதுக் கேசட்டுகளைப் பதிந்தார். ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டார். டீச்சர் பாட்டுக்கு மதிப்பெண் போட்டாள். போட்டதைச் சொல்ல மறுத்துவிட்டாள். பிறகு ஒரு பையில் நிரப்பிக்கொண்டு, கெட்டதைக் கொடுத்து நல்லதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாங்கியவர்கள் வீட்டு வாசல்களுக்குக் கிளம்பினார்.

முதலில் புத்தகக்கடை. கடை அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

“நீங்கதானா அந்தத் தும்மல்?”

“நானேதான்மா. மாத்திக் கொடுத்துடறேன்.”

“புதுசைக் கொடுங்க. பழசும் இருக்கட்டும்.”

“பழசுல குத்தம் இருக்கும்மா.”

“என் வீட்டுக்காரர்கிட்டயும்தான் இருக்கு. மாத்தவா செஞ்சேன்?”

“சரிம்மா, பதிவு எப்படி இருக்கு? சத்தம், தெளிவு?”

“தும்மினது வலது பக்கம்னு தெரியுது. அவ்வளவு தெளிவு.”

அடுத்து டாக்ஸி ஓட்டுகிறவர். பழைய கார், அதில் கேசட் போடுகிற வசதி இன்னும் இருப்பதால்தான் காரையே அவர் மாற்றவில்லை. பையைத் திறப்பதற்குள் தலையாட்டிவிட்டார்.

“அதைக் கேக்காதீங்க சார். ‘பேசாத, இந்த இடம் வருது’ன்னு நீங்க சொல்றீங்க பாருங்க, வண்டியில இருக்கறவங்க எல்லாம் பேச்சை நிறுத்திடறாங்க. போனைக்கூட வச்சிடறாங்க. நான் இத்தனை வருஷமா சொல்லி ஒருத்தன் கேட்டதில்ல.”

“கேசட் தரம் எப்படிண்ணே?”

“வண்டி குலுங்குது, கேசட் குலுங்கல” என்று சொல்லிவிட்டு, ஏறிய பயணியோடு போய்விட்டார்.

பல் டாக்டர் மட்டும்தான் முகத்துக்கு நேரே பேசினார்.

“நான் பாட்டு கேக்க வாங்கினேன். உங்களைக் கேக்க இல்ல.”

கேசட்டுக்காரருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பழையதை வாங்கி, புதியதைக் கொடுத்து, இரண்டு கையாலும் கும்பிட்டார். ஆசையோடு கேட்டார்.

“டாக்டர், பாட்டு எப்படி?”

“பாட்டு நல்லா இருக்கு.”

“கேசட்?”

“பாட்டு கேசட்லதானே இருக்கு? அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.”

பை ஏறக்குறையப் போன கனத்தோடு திரும்பி வந்தது. வழியில் மச்சானின் போன் கடை. உள்ளே, கண்ணாடிப் பெட்டிகளில் புத்தம் புது போன்கள் மினுமினுக்க, நடுவில் எங்கிருந்தோ தேடிப்பிடித்த ஒரு கேசட் பிளேயர். பி சைடு ஓடிக்கொண்டிருந்தது.

“ரெண்டு மாசக் கூத்துன்ன?” என்றார் கேசட்டுக்காரர்.

“கூத்துல நானும் வரேனே அத்தான். என் குரல் எப்படிக் கணீர்னு இருக்கு கேட்டீங்களா?” மச்சான் ஒலியைக் கூட்டினான். பிறகு, வாடிக்கையாளர் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குறைத்தான். “அந்தப் பாவம்னு சொன்னது மட்டும்… வாய் தவறி வந்துடுச்சு. வர்றவன் எல்லாம் என்னைக் கேக்கறான், எப்படிய்யா அந்த மனுஷனப் பாத்து அப்படிச் சொன்னேன்னு. அக்கா ஒரு வாரமா என் போனை எடுக்கல.”

“சொன்னது நெசமா, பொய்யா மச்சான்? அதை மட்டும் சொல்லு.”

“எனக்கென்ன தெரியும்? சும்மா உங்களைச் சீண்டினேன்.” அவன் ஒரு போன் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினான். “டெம்பர் கிளாஸ் ஒட்டித் தரவா அத்தான்?”

வீட்டுக்கு வந்தபோது கார் இல்லாத அறையில் விளக்கு எரிந்தது. மகள் வந்திருந்தாள். டெக்குகளுக்கு முன்னால், அவருடைய கிரீச்சிடும் நாற்காலியில் உட்கார்ந்து, காலிக் கேசட் ஒன்றைக் கையில் எடுத்துப் பென்சிலால் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேஜைமேல் இரண்டு கேசட்டுகள். ஒன்று அவர் பதிந்தது. இன்னொன்றில் வழவழவென்று அச்சடித்த அட்டை; கம்பெனி அனுப்பிய மாதிரி.

“மைக் எங்கப்பா?”

“செருப்பு அலமாரியில சிறை வச்சிருக்கேன். ஜாமீன் கிடையாது.”

அவள் சிரித்தாள். சுற்றுவதை நிறுத்தவில்லை.

“எத்தனை பேர் மாத்திக்கிட்டாங்க?”

“ஒரு பல் டாக்டர். வலிக்காமப் பிடுங்கிட்டார்.” பையைக் கீழே வைத்தார். “நீ கவலைப்படாத. கடையில புதுசா வைக்கிறது எல்லாம் சுத்தமா இருக்கும். தும்மல் வேணும்கிறவங்களுக்கு நேர்லயே போய்த் தும்மிட்டு வரேன்.”

“எனக்குச் சுத்தமானதுதான்ப்பா வேணும். டிரம்காரன் சொல்றான், உங்க குரல் இருந்தாத்தான் விக்கும்னு. நான் முடியாதுன்னுட்டேன். என் பாட்டு தனியா நிக்கணும்.”

கேசட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளின் முகம்தான் அது. அவருக்கு நெஞ்சு விரிந்தது. சொல்ல வாயெடுத்தார், பழக்க தோஷத்தில் வேறு என்னவோ வந்தது.

“அதுவும் சரிதான். என் மார்க்கெட்டு எகிறிடுச்சுன்னா உனக்குத்தான் போட்டி.”

“அப்பா.”

“என்னம்மா?”

“கொஞ்ச நேரம் ஜோக்கு வேண்டாம்.”

அவர் மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஜோக்கு இல்லையென்றால் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“மாமா உங்ககிட்ட ஒண்ணு கேட்டாங்க. தெரியலன்னீங்க. அதை ஏன் என்கிட்ட கேக்கல?”

“நீ பதில் சொல்லிட்டா என்ன பண்றது?”

அவள் பென்சிலை உருவி மேஜையில் வைத்தாள். கேசட்டின் வாயில் பழுப்பு நாடா தெரிந்தது.

“இப்பக் கேளுங்க.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சமையலறையில் தண்ணீர்க் குழாய் சத்தம் நின்றது. டீச்சர் ஒட்டுக் கேட்கிறாள் என்பது உறுதி. கேசட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். சாதாரணமாக இந்த இடத்தில் அவர் தும்முகிற மாதிரி நடித்திருப்பார். நடிக்கவில்லை.

“பாவம்னா கொடுத்தே?”

“ஆமாப்பா.”

அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கேட்டபோது முழங்கால்மேல் இருந்த கைகள் தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

“முதல் தடவை பாவம்னுதான் கொடுத்தேன்” என்றாள் மகள். “இந்த ரூமுக்கு வந்தா அந்தப் போர்வையைப் பாக்க முடியாது என்னால. சரியா வரலன்னாலும் பரவாயில்ல, அப்பா சந்தோஷப்படட்டும்னு மத்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லித்தான் வாங்கிக் கொடுத்தேன். அதுதான் நெசம்.”

அவள் நாற்காலியைத் திருப்பி அவருக்கு நேராக உட்கார்ந்தாள். நாற்காலி கிரீச்சிட்டது, இரண்டு பேரும் அதைத் திட்டவில்லை.

“அப்புறம் இந்தக் கம்பெனிக் கேசட் வந்துச்சு. நாங்க மூணு பேரும் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தோம். தோழியோட தம்பி மாத்தி மாத்திப் போட்டான், எது யாரோடதுன்னு சொல்லாம. ஒண்ணுல எடுத்த எடுப்புல பாட்டு. இன்னொண்ணுல அதுக்கு முன்னாடி நான் எடுக்கிற மூச்சு இருந்துச்சு. பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. மத்த ரெண்டு பேரும் முழுசாக் கேட்டுட்டுத்தான் சொன்னாங்க, ஆனா அவங்களும் அதைத்தான் சொன்னாங்க.”

கேசட்டுக்காரர் மேஜையிலிருந்த பென்சிலைப் பார்த்தார்.

“கடைக்கு வேண்டியதை நீங்கதான் போடறீங்க. அடுத்த பாட்டும் நீங்கதான். இது பாவம்னு இல்லப்பா. உங்க கேசட்தான் நல்லா இருக்கு.”